ஆறு சுவிட்ச் போதுமா? ஒரு மெல்லிசைக் கிட்டாரிஸ்டுக்கு மிடி ஃபுட் கன்ட்ரோலர் தேர்ந்தெடுத்த விதம்

மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கிற கிட்டாரிஸ்ட் அவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, சர்ச் நிகழ்ச்சி என்று சீசனில் ஓய்வே இருக்காது. அவருடைய செட்டப்புக்குப் பொருத்தமான மிடி ஃபுட் கன்ட்ரோலரை (காலால் மிதித்து மற்றப் பெட்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் சுவிட்ச் பலகை) தேர்ந்தெடுத்து, புரோகிராம் செய்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மேடையில் காலோடு மல்லுக்கட்டுகிற கிட்டாரிஸ்டுகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு உதவும் என்றுதான், முடிவு எப்படி எட்டப்பட்டது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

அவரிடம் ஏற்கெனவே இருந்தவை: லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் (பல எஃபெக்டுகளையும் ஆம்ப் ஒலியையும் ஒரே பெட்டியில் தருவது), ஸ்ட்ரைமன் டைம்லைன் டிலே (எக்கோ தருவது), ஒரு அனலாக் ஓவர்டிரைவ் பெடல் (டிஸ்டார்ஷன் தருவது), ஒரு எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது). ஆம்ப் கிடையாது. ஸ்டாம்பிலிருந்து நேராக மிக்ஸருக்கு லைன். எல்லாம் நல்ல சாமான்கள். சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை காலில்தான் இருந்தது. சினிமாப் பாட்டின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். முகப்பில் க்ளீன் டோனில் ஆர்ப்பெஜியோ. பல்லவியில் லேசான ரிதம். முதல் இன்டர்லூடில் திடீரென்று எக்கோவோடு டிஸ்டார்ஷன் லீட். சரணத்தில் மறுபடி க்ளீன், இரண்டாம் இன்டர்லூடில் 'வா-வா' எஃபெக்ட். ஸ்டுடியோவில் தனித்தனி டிராக்காக, சில நேரம் தனித்தனி ஆட்களே வாசித்ததை மேடையில் ஒரே ஆள் வாசிக்கிறார். 120 டெம்போவில் நாலு தாளத்தட்டு கொண்ட ஒரு பார் இரண்டே விநாடி. அந்த இரண்டு விநாடியின் கடைசித் தட்டில் ஸ்டாம்பில் ஒரு மிதி, டைம்லைனில் ஒரு மிதி, ஓவர்டிரைவில் ஒரு மிதி. மூன்றும் முடிந்து கால் தரைக்கு வருவதற்குள் லீடின் முதல் ஸ்வரம் போயிருக்கும்.

அவர் கேட்டது எளிமையாக இருந்தது: "அண்ணே, பத்து சுவிட்ச் இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிடலாமா? அப்போ எல்லா எஃபெக்ட்டுக்கும் ஒரு சுவிட்ச் வந்துரும்ல?"

எஃபெக்டுக்கு ஒரு சுவிட்ச் என்ற அந்த எண்ணத்தைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

பாட்டுப் பட்டியல்

கடைக்குப் போகும் முன் அவருடைய கச்சேரிகளின் செல்போன் பதிவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாட்டு பாட்டாக, டோன் எங்கே மாறுகிறது, மாறும் இடத்தில் எந்தப் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினோம். சலிப்பான வேலை. ஆனால் தேர்வின் முக்கால் பங்கு அந்த நோட்டிலேயே முடிந்துவிட்டது.

அதில் தெரிந்த விஷயங்கள் இவை. ஒரு பாட்டுக்குள் ஐந்து டோனுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். கோரஸை மட்டும் தனியாகப் போட, ரிவெர்பை மட்டும் தனியாக எடுக்க என்று கால் போகவே இல்லை. போன இடமெல்லாம் "முழு டோனும் ஒரே நொடியில் மாறணும்" என்ற இடம்தான். பாட்டு வரிசையை நம்ப முடியாது. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும், விழா கமிட்டித் தலைவர் ஒரு பாட்டைச் சொல்வார், அடுத்த பாட்டு எது என்பது பாடகர் மைக்கைப் பிடிக்கும்போதுதான் தெரியும். ஆகவே வரிசையாக அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போகும் முறை இவருக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நடுவில் நடக்கும் வெட்டு. நேரமாகிவிட்டால் கீபோர்டு மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "தம்பி, ரெண்டாவது சரணம் வேணாம், நேரா பல்லவிக்கு வந்துரு" என்பார். எஃபெக்டுக்கு ஒரு சுவிட்ச் என்ற முறையில் ஒவ்வொரு சுவிட்சும் ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று மாறி மாறிப் போகும். வழக்கமான வரிசையில் போனால் சரி. ஒரு பகுதியைத் தாண்டிவிட்டால், எது ஆனில் இருக்கிறது, எது ஆஃபில் இருக்கிறது என்று விளக்கைப் பார்த்து யோசிக்க வேண்டும். பாட்டு யோசிக்க நேரம் தராது.

ஆகவே எங்கள் விதி இப்படி அமைந்தது: சுவிட்ச் என்பது எஃபெக்டுக்கு அல்ல, பாட்டின் பகுதிக்கு. அதை அழுத்தினால், அதற்கு முன் எந்த நிலையில் இருந்திருந்தாலும், அந்தப் பகுதிக்கான டோன் வந்தே தீர வேண்டும். இரண்டு முறை அழுத்தினாலும் அதே டோன்தான். இந்த விதிக்கு ஒத்துவருகிற கன்ட்ரோலர் மட்டும் பட்டியலில் நிற்கும்.

மிடி எதை அனுப்புகிறது

இந்த விதியை மிடியின் பேச்சில் சொல்ல வேண்டும். மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் வந்த தரம்; இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது. ஒரு கேபிளில் 16 சேனல். நமக்கு வேண்டிய செய்திகள் இரண்டே வகை. புரோகிராம் சேஞ்ச் என்பது "இந்த ப்ரீசெட்டுக்கு (சேமித்து வைத்த முழு அமைப்புக்கு) போ" என்ற கட்டளை. 0 முதல் 127 வரை எண். கன்ட்ரோல் சேஞ்ச், சுருக்கமாக சிசி, என்பது "இந்த எண்ணுள்ள விஷயத்தை இந்த அளவுக்கு வை" என்ற கட்டளை.

வேகம் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகும், அதாவது 0.32 மில்லி விநாடி. சிசி செய்தி மூன்று பைட், ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. ஒரே மிதியில் ஐந்து சிசி போனாலும் ஐந்து மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். 120 டெம்போவில் ஒரு பதினாறாம் ஸ்வரமே 125 மில்லி விநாடி. கம்பியில் தாமதம் இல்லை. தாமதம் வருவது செய்தியை வாங்கும் பெட்டியில்.

எச்எக்ஸ் ஸ்டாம்பில் ப்ரீசெட் மாற்றினால் சத்தத்தில் ஒரு சிறு வெட்டு விழும். டிலே வால் அறுந்துபோகும். அதே ப்ரீசெட்டுக்குள் ஸ்னாப்ஷாட் (எந்த எஃபெக்ட் ஆன், எது ஆஃப் என்று சேமித்த நிலை) மாற்றினால் வெட்டு இல்லை. ஆகவே பாட்டு தொடங்கும் முன் புரோகிராம் சேஞ்ச், பாட்டு ஓடும்போது சிசி மட்டும். ஸ்டாம்பில் ஸ்னாப்ஷாட்டுக்கு சிசி 69: அளவு 0 என்றால் முதலாவது, 1 என்றால் இரண்டாவது, 2 என்றால் மூன்றாவது. இது நம் விதிக்கு அப்படியே பொருந்துகிறது. எத்தனை முறை அனுப்பினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் சிசி 49, 50, 51 ஆகியவை ஸ்டாம்பின் சொந்த சுவிட்சுகளை நாம் மிதிப்பதற்குச் சமம். அனுப்பும்போதெல்லாம் நிலை புரளும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் புரோகிராம்கள் பலவற்றிலும் இந்த மூன்றைத்தான் போட்டிருக்கிறார்கள். மேடையில் நான் அவற்றைத் தொட மாட்டேன்.

ஒரு ப்ரீசெட்டுக்கு மூன்று ஸ்னாப்ஷாட்தான், தேவை ஐந்து டோன். இடைவெளியை இப்படி நிரப்பினோம். டைம்லைனுக்கு சிசி 102: 127 அனுப்பினால் ஆன், 0 அனுப்பினால் பைபாஸ், அதாவது ஆஃப். ஸ்டாம்புக்குள் இருக்கும் எந்த பிளாக்கின் (ஒரு தனி எஃபெக்டின்) பைபாஸுக்கும் ஒரு சிசி எண் கொடுக்கலாம். 63 வரை ஆஃப், 64 முதல் ஆன். மூன்றாம் ஸ்னாப்ஷாட்டும் டைம்லைன் ஆனும் சேர்ந்தால் எக்கோ லீட். அதே ஸ்னாப்ஷாட்டும் டைம்லைன் பைபாஸும் சேர்ந்தால் எக்கோ இல்லாத லீட். எல்லாமே நேரடி நிலைகள், புரட்டல் எதுவும் இல்லை. ஆக, ஒரு மிதிக்கு இரண்டு அல்லது மூன்று சிசி, இரண்டு வெவ்வேறு சேனல்களில் போக வேண்டும். கன்ட்ரோலருக்கான அளவுகோல் கைக்கு வந்துவிட்டது.

எதிரே நின்றவை

பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010. அவர் மனதில் இருந்த "பத்து சுவிட்ச்" இதுதான். விலை மலிவு. பத்து சுவிட்ச், பத்து பேங்க் (சுவிட்சுகளுக்கான கட்டளைத் தொகுப்பு), மொத்தம் நூறு ப்ரீசெட், கூடவே இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல். அகலமான மிதிகள் என்பதால் கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசிக்கும்போது உறுத்தாது. இதை நான் பெரிய குணமாகவே மதிக்கிறேன். ஆனால் ஒரு ப்ரீசெட்டுக்கு ஐந்து புரோகிராம் சேஞ்சும் இரண்டே இரண்டு சிசியும்தான். எங்களுக்குச் சில இடங்களில் மூன்று சிசி வேண்டும். திரையில் எண் மட்டும் வரும், பெயர் வராது. 230 வோல்ட் மின்சாரத்தை நேராக எடுப்பதால் மேடையில் இன்னொரு பிளக் பாயின்ட் தேட வேண்டும். இரண்டு அடிக்கு மேல் அகலம். இவர் பைக்கில் கிட்டாரோடு போகிறவர். யுனோ என்ற மாற்றுச் சிப் போட்டால் அதன் திறன் நன்றாக விரியும், அதைச் செய்து பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அகலமும் பிளக்கும் அப்போதும் மாறாது.

பாஸ் இஎஸ்-5. இது லூப் ஸ்விட்சர். ஐந்து லூப், மிடியும் அனுப்பும். மிடி புரியாத அனலாக் பெடல்களை ஒவ்வொரு லூப்பிலும் மாட்டி ஒரே மிதியில் சேர்த்து மாற்றலாம். அருமையான கருவி. ஆனால் இவரிடம் இருப்பது ஒரே ஒரு அனலாக் பெடல். அதை ஸ்டாம்பின் சென்ட், ரிடர்ன் ஜாக்கில் மாட்டிவிட்டு, அந்த லூப் பிளாக்கை ஸ்னாப்ஷாட்டில் ஆன், ஆஃப் செய்தால் வேலை முடிந்தது. ஐந்து லூப்புக்குக் காசு கொடுத்து நான்கைக் காலியாக வைக்க வேண்டாம்.

ப்ளூடூத் அல்லது யூஎஸ்பி மட்டும் உள்ள சின்ன நான்கு சுவிட்ச் பெட்டிகள் ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிய பிறகே பலருக்கு விஷயம் தெரிகிறது: ஸ்டாம்பின் யூஎஸ்பி கம்ப்யூட்டரோடு பேசுவதற்கானது. இரண்டு யூஎஸ்பி கருவிகளை நேருக்கு நேர் மாட்டினால் ஒன்றும் நடக்காது. நடுவில் கம்ப்யூட்டர் போல ஹோஸ்ட் ஒன்று வேண்டும். செல்போன் ஆப்புக்கு அவை சரி, இந்த செட்டப்புக்கு அல்ல.

மிடியே வேண்டாம், ஸ்டாம்பின் பின்பக்க ஜாக்கில் இரண்டு சுவிட்ச் கூடுதலாக மாட்டினால் போதாதா என்றும் பார்த்தோம். அந்த ஒரே ஜாக்தான் எக்ஸ்பிரஷன் பெடலுக்கும். ஒய் கேபிள் போட்டால் ஒரு பெடல், ஒரு சுவிட்ச் என்று பிரிக்கலாம். அந்த ஒரு சுவிட்ச் டைம்லைன் பிரச்சினையைத் தீர்க்காது. எட்டு சுவிட்ச் உள்ள ஸ்டாம்ப் எக்ஸ்எல்லுக்கு மாறுவது, பழையதை நஷ்டத்துக்கு விற்றால்தான் முடியும் என்பதால் கைவிட்டோம்.

மிஞ்சியது மார்னிங்ஸ்டார் எம்சி6, இரண்டாம் பதிப்பு. சிங்கப்பூர் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆறு சுவிட்ச், 30 பேங்க், ஒரு ப்ரீசெட்டுக்கு 16 செய்தி வரை, ஒவ்வொரு செய்திக்கும் தனிச் சேனல். அழுத்தும்போது, விடும்போது, நீள அழுத்தும்போது என்று தனித்தனியாகக் கட்டளை வைக்கலாம். ஐந்து முனை மிடி ஜாக் உண்டு. 9 வோல்ட்டில் ஓடுவதால் பெடல்போர்டில் இருக்கும் பவர் சப்ளையே போதும். திரையில் சுவிட்சின் பெயர் தெரியும். "இன்ட்ரோ", "லீட்" என்று காலுக்கு நேராகப் பெயர் ஒளிரும்போது, சீட்டில் வந்த பாட்டுக்குத் தயாராக மூளைக்கு வேலை குறைகிறது. விலை எஃப்சிபியைவிட நன்றாகவே கூடுதல்தான். நோட்டில் எழுதிய தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவருக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மாட்டிய முறை

எம்சி6-ன் அவுட்டிலிருந்து ஸ்டாம்பின் இன்னுக்கு ஒரு மிடி கேபிள். ஸ்டாம்பின் அவுட்/த்ரூவிலிருந்து டைம்லைனின் இன்னுக்கு இன்னொன்று. ஸ்டாம்பின் குளோபல் செட்டிங்கில் மிடி த்ரூவை (வந்த செய்தியை அப்படியே அடுத்த பெட்டிக்குக் கடத்தும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் டைம்லைனுக்கு எதுவும் போய்ச் சேராது.

அடுத்தது சேனல். இரண்டு பெட்டியும் கடையிலிருந்து வரும்போது சேனல் 1-ல் இருக்கும். அப்படியே விட்டால் ஸ்டாம்புக்கு அனுப்பும் புரோகிராம் எண் டைம்லைனின் ப்ரீசெட்டையும் இழுத்து மாற்றும். பாட்டுக்குப் பாட்டு டிலே தாறுமாறாக வருகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். டைம்லைனை 2-க்கு மாற்றினோம். ஸ்டாம்ப் தானாகப் புரோகிராம் சேஞ்ச் வெளியே அனுப்பும் அமைப்பையும் அணைத்தோம். கட்டளை ஒரே இடத்திலிருந்து மட்டும் கிளம்ப வேண்டும்.

எண் போடுவதில் ஒரு பொறுமை வேண்டும். ஸ்டாம்பின் முதல் ப்ரீசெட் 01ஏ; மிடியில் அது 0. ஒரு பேங்குக்கு மூன்று என்பதால், பேங்க் எண்ணில் ஒன்று கழித்து மூன்றால் பெருக்கி, ஏ என்றால் 0, பி என்றால் 1, சி என்றால் 2 கூட்ட வேண்டும். 10பி என்றால் 28. டைம்லைனில் 200 ப்ரீசெட். பேங்குக்கு இரண்டு, தொடக்கம் 00ஏ. 63பி-யோடு 127 தீர்ந்துவிடும். 64ஏ முதல் போக வேண்டுமானால் முதலில் சிசி 0-ஐ அளவு 1-ஆக அனுப்பி, பிறகு மறுபடி 0-விலிருந்து புரோகிராம் எண். இவருக்கு வேண்டிய டிலே ப்ரீசெட்டுகள் எல்லாவற்றையும் முதல் சில பேங்குகளுக்கு நகர்த்தி அந்தத் தலைவலியையே ஒழித்தோம்.

ஸ்டாம்பின் "ஸ்னாப்ஷாட் எடிட்ஸ்" அமைப்பு, சின்னதாகத் தெரிந்தாலும், நம் விதியின் உயிர்நாடி. அதை டிஸ்கார்டில் வைத்தால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் சேமித்த நிலையிலேயே திரும்பி வரும். ரீகாலில் இருந்தால் பாட்டின் நடுவே செய்த மாற்றமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

பேங்குகளில் முதலாவது "பொது". எந்தச் சீட்டு வந்தாலும் கைகொடுக்கும் ஆறு டோன்: க்ளீன், கோரஸ் க்ளீன், ரிதம், கிரஞ்ச், லீட், எக்கோ லீட். இவை ஆறும் ஸ்டாம்பின் ஒரே ப்ரீசெட்டில் ஸ்னாப்ஷாட்டும் சிசியும் கலந்து கட்டியவை. கச்சேரியின் பெரும்பகுதி இந்த ஒரு பேங்கிலேயே ஓடிவிடுகிறது. கிட்டாருக்கென்றே கைதட்டல் விழும் சில பாட்டுகளுக்கு மட்டும் தனித்தனி பேங்க். அவற்றில் சுவிட்சுகள் இடமிருந்து வலமாகப் பாட்டின் போக்கிலேயே இருக்கும்.

நீள அழுத்தத்தில் ஒரு நுணுக்கம். ட்யூனரை (ஸ்டாம்பில் சிசி 68) ஒரு சுவிட்சின் நீள அழுத்தத்தில் வைத்தோம். அப்படி வைக்கும் சுவிட்சில், வழக்கமான கட்டளையை "விடும்போது" என்று போட வேண்டும். "அழுத்தும்போது" என்று போட்டால் ட்யூனருக்குப் போகும் வழியில் டோனும் மாறிவிடும். ஆனால் காலைத் தூக்கும் நேரம் தாமதமாகச் சேரும். ஆகவே லீட் சுவிட்சுகளில் நீள அழுத்தம் கூடாது. அவசரமே இல்லாத க்ளீன் சுவிட்சில்தான் ட்யூனர்.

எக்ஸ்பிரஷன் பெடலை எம்சி6-ல் மாட்டாமல் ஸ்டாம்பிலேயே விட்டோம். சிசி வழியாகப் போனால் 128 படிகள்தான்; வாவை மெதுவாகத் திறக்கும்போது எனக்கு அந்தப் படிகள் காதில் விழுகின்றன. மற்றவர்களுக்கு விழாமலும் இருக்கலாம். ஜாக் காலியாக இருக்கும்போது நேரடி வழியை விடுவானேன்.

மேடையில்

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் எர்த் சரியாக இருக்காது. இரைச்சல் நம் தலைவிதி. மிடி கேபிளைக் கூடுதலாக இழுத்தால் இரைச்சல் ஏறுமோ என்று அவர் கவலைப்பட்டார். ஐந்து முனை மிடியில் செய்தி வாங்கும் பக்கம் ஆப்டோ ஐசொலேட்டர் இருக்கிறது, அதாவது செய்தி ஒளியாகத்தான் உள்ளே தாண்டுகிறது. கேபிளின் ஷீல்டும் அனுப்பும் பக்கத்தில் மட்டுமே கிரவுண்டில் சேரும் என்பது தரத்தின் விதி. ஆகவே மிடி கேபிள் வழியாகக் கிரவுண்ட் லூப் (இரண்டு பெட்டிகளின் எர்த் இணைப்பு சுற்றி வந்து தரும் இரைச்சல்) வராது. அவர் செட்டப்பில் இரைச்சல் கூடவில்லை.

டெம்போ விஷயத்தில் முழுத் திருப்தி இல்லை. ஒரு சுவிட்சைத் தட்டினால் எம்சி6 மிடி க்ளாக்கை, அதாவது டெம்போத் துடிப்பை, அனுப்பும். ஸ்டாம்பும் டைம்லைனும் அதைப் பின்தொடரும். லேப்டாப் டிராக்கோடு வாசிக்கும் பாட்டுகளில் பேங்கிலேயே டெம்போவை எழுதிவைத்தாயிற்று, பிசகே இல்லை. ஆக்டோபேடும் தபேலாவும் உயிரோட்டமாக வேகம் பிடிக்கும் பாட்டில், நடுவே ஒரு முறை தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. டிலேயின் மிக்ஸ் அளவைக் குறைத்து வைத்ததில் பிசகு காதுக்குத் தெரிவது குறைந்தது.

ஆறு சுவிட்சும் கொஞ்சம் நெருக்கமானவை. கால் அகலமானவர்களுக்கு ஓரம் தட்டும். போர்டின் முன்விளிம்பில், லேசான சாய்வில் பொருத்தி, அதிகம் மிதிபடும் லீட் டோன்களை இரு முனைகளில் வைத்ததும் அவருக்குப் பழகிவிட்டது. இடைவெளி முக்கியம் என்றால் எட்டு சுவிட்ச் உள்ள எம்சி8-ஐக் கடையில் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. நாளைக்கு இவரே இன்னும் மூன்று நான்கு அனலாக் பெடல் வாங்கினால் என் பதில் இஎஸ்-5 பக்கம் சாய்ந்துவிடும். உட்கார்ந்து வாசிக்கிறவருக்கும், செட்டப்பை இறக்காமல் ஒரே சர்ச்சில் வைத்திருப்பவருக்கும் எஃப்சிபியை நான் தயங்காமல் சொல்வேன்.

பையில் கூடுதலாக ஒரு மிடி கேபிள் போட்டு வைத்திருக்கிறார். கன்ட்ரோலர் பாதியில் நின்றாலும், ஸ்டாம்பை ஸ்னாப்ஷாட் மோடுக்கு மாற்றினால் அதன் சொந்த மூன்று சுவிட்சுகளில் க்ளீன், ரிதம், லீட் மூன்றும் வந்துவிடும். பொது ப்ரீசெட்டின் ஸ்னாப்ஷாட்டுகளை அந்த வரிசையில் அடுக்கியதே இதற்காகத்தான்.